கரைப்பாளையத்துப் பச்சைக் கோடு

நீதான் செய்தாய். வேறு யாரும் இல்லை. புதுச் சிப்பை என் கண்ணில் காட்டிவிட்டு அதை மேசை டிராயருக்குள் தள்ளியவன் நீ, பழைய சிப்புக்கே சூடு வைத்து மூடி முடுக்கிக் கொடுத்தவன் நீ, "கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்கக்கா, இனி இந்த லேப்டாப்புக்குச் சாவே கிடையாது" என்று சாமி படத்தைப் பார்த்துக் கையைத் தூக்கியவனும் நீ. அந்தச் சத்தியத்தைத்தான் எங்கள் ஊர் இன்றைக்கு உடம்பில் சுமந்துகொண்டு திரிகிறது.

என்னை ஞாபகமில்லை என்று சொல்லாதே. மேம்பாலத்துக்கு அடியில், மாடிப்படி ஏறினால் இடது கைப்பக்கம் உன் லேப்டாப் ரிப்பேர் கடை. அங்கே உச்சி வெயிலில் வந்து உட்கார்ந்து, நீ கொடுத்த டீயையும் குடித்து, பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உன்னோடு பேரம் பேசிய பொம்பளை நான். பெயர் பூவாத்தாள். கரைப்பாளையத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். சாயப்பட்டறையில் கை வெந்து, சந்தையில் பிளாஸ்டிக் குடம் விற்று, கூட்டு வியாபாரத்தில் சொந்தக்காரனிடமே ஏமாந்து, அப்படி ஏமாந்த ஒவ்வொரு தடவையும் எதிராளியின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பார்த்துப் படித்தவள். அன்றைக்கு உன் கண் அந்த டிராயர் பக்கம் போய்ப் போய் வந்தது, அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சிப் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதிருக்கலாம். காவிரிக்கு இக்கரையில் நாங்கள், அக்கரையில் வேறு மாவட்டம், நடுவில் ஒரு பாலம். இக்கரையில் ஒரு குழந்தைக்குக் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், பெண் பெரியவளானாலும் ஃப்ளெக்ஸ், கல்யாணம், கட்சி, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ். எதுவாயிருந்தாலும் அடியில் 'இவண்' என்று போட்டு, தபால்தலை அளவுக்கு வரிசையாக முகங்களை ஒட்ட வேண்டும். பெரிய முகம் யாருடையது என்று எவனும் பார்க்க மாட்டான். அடியில் தன் முகம் இருக்கிறதா, தன் பங்காளி முகத்தைவிட ஒரு நூல் சிறிதாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். வரிசையில் ஒரு கட்டம் காலியாக விழுந்தால் அதை அப்படியே விடக் கூடாது, அபசகுனம். ஆகவே காலிக் கட்டம் விழுந்த போதெல்லாம் என் மகள் தாரணியின் படத்தை எடுத்து அதில் வைத்தேன். டெஸ்க்டாப்பிலேயே இருந்த படம். குண்டு எறிதலில் மெடல் வாங்கிய அன்று எடுத்தது. என்ற புள்ள, வெச்சேன். அதில் யாருக்கு என்ன?

உன்னிடமிருந்து வந்த லேப்டாப் கொஞ்ச காலம் ஒழுங்காகத்தான் உழைத்தது. பிறகு ஒரு காலையில், வார்டு கவுன்சிலர் வையாபுரியின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸைத் திறந்தபோது, திரையில் மேலிருந்து கீழாக நூல்போல ஒரு பச்சைக் கோடு, அவர் இடது கன்னத்தின் வழியாக இறங்கி நின்றது. லேப்டாப்பின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். போகவில்லை. அந்த நேரத்தில் வையாபுரியே படியேறி வந்தார். கன்னத்தில் அதே கோடு, சட்டை வழியாக இறங்கி, வேட்டிக் கரையைத் தாண்டி, செருப்பு வரைக்கும்.

"அக்கா, ஃப்ளெக்ஸ் ரெடிங்களா?"

"ரெடிங்க. உங்க மூஞ்சில ஒரு கோடு இருக்குதுங்."

"ஆமாங், எந்திரிச்சதுல இருந்து இருக்குது. சோப்புப் போட்டுத் தேச்சும் போகல. ஃப்ளெக்ஸ்ல வந்துராதில்லீங்?"

"வராதுங். பிரிண்ட்ல சுத்தமா இருக்குது."

"அப்பறம் என்ன," என்று சொல்லிவிட்டு அவர் ஃப்ளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

அப்படித்தான் அது எங்கள் ஊருக்குள் வந்தது, மழை வருவதுபோல, சொல்லிக்கொள்ளாமல். இவண் வரிசையில் இருந்த பால் சொசைட்டி செயலாளருக்கு வந்தது, பியூட்டி பார்லர் ருக்மணிக்கு வந்தது, கறிக்கடை மாரப்பனுக்கு வந்தது, பந்தல்காரர்களுக்கும் பரோட்டா மாஸ்டருக்கும் வந்தது. அரசு டாக்டர் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதினார், பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார், இரண்டுக்கும் கோடு அசையவில்லை. அசையாததோடு ஊர் ஒத்துப்போனது. டெய்லர் ஜாக்கெட்டில் பச்சை நூல் ஓட்டிக் கோடு அறுபடாமல் தைக்கப் பழகினார், சலூனில் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு என்று சவரம் பண்ணினார்கள், தாய்மார்கள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கோட்டை நேராக நீவிவிட்டார்கள்.

பிறகு யாரோ ஒருத்தன் கண்டுபிடித்துச் சொன்னான், ஃப்ளெக்ஸில் முகம் வந்தவனுக்குத்தான் கோடு, நிறைய வந்தவனுக்கு நிறையக் கோடு என்று. அவ்வளவுதான். கோடு இருந்தால் பெரிய மனிதன், இல்லாவிட்டால் எவனோ. கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலி கோட்டுக்காரர்களுக்கு. தரகர் ஜாதகத்தை நீட்டும் முன்னாலேயே "பையனுக்குக் கோடு உண்டுங்களா?" என்று கேட்டார். இரண்டு கோடு உள்ளவர்கள் ஒற்றைக் கோட்டு வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். வையாபுரி தலைமையில் பச்சைக்கோட்டார் சங்கம் உண்டானது, அதற்கும் ஃப்ளெக்ஸ் நான்தான் அடித்தேன். கோடில்லாதவர்கள் என் கடை வாசலில் வந்து நின்று, "அக்கா, பிறந்தநாள் இல்லீனாலும் பரவால்லீங், சும்மா ஒண்ணு போடுங்" என்று கெஞ்சினார்கள்.

எனக்கு வியாபாரம். மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் வீட்டை.

மற்றவர்களுக்கு ஒரு கோடு, இரண்டு கோடு. ஊரில் விழுந்த காலிக் கட்டமெல்லாம் தாரணி. அவள் மேல் கோடுகள் பாவாடை மடிப்புப்போல நெருங்கி நெருங்கி விழுந்தன, நெற்றியில், தோளில், முழங்கையில். முதலில் அவள் சிரித்தாள். "அம்மா, சங்கத்துக்கு என்னையத்தான் தலைவியா போடோணும்," என்றாள். அப்புறம் கோடுகள் அகன்றன, அகன்ற இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் உதிர்ந்தன. ஒரு மத்தியானம் பள்ளி மைதானத்தில் அவள் குண்டைத் தூக்கிக் கழுத்தோரம் வைத்தபோது குண்டு தெரிந்தது, அதைப் பிடித்திருந்த வலது கை தெரியவில்லை. எறிந்தாள். குண்டு காலடியிலேயே விழுந்தது. தெரியாத கையில் விரல் எங்கே முடிகிறதென்று அவளுக்கே தெரியவில்லை. மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போட்டியை நம்பித்தான் அவள் விளையாட்டு விடுதியில் சேர்கிற கனவெல்லாம் வைத்திருந்தாள்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? புள்ளைக்குச் சத்துப் போதவில்லை என்றது. வயதுக் கோளாறு என்றது. ருக்மணி வந்து, "பவுடர் வெச்சு அந்தக் கையச் சரி பண்ணிப்புடலாம் அக்கா," என்றாள். அவளைத் துரத்தினேன்.

லேப்டாப்பில் கோடு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வேறொரு மானிட்டரைச் சொருகிப் பார்க்க வேண்டும். அங்கே படம் சுத்தமாக வந்தால் கோளாறு திரையில். அங்கேயும் கோடு வந்தால் படத்தை வரைகிற சிப்பில். பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து மானிட்டரைத் தூக்கி வந்து சொருகினேன். அதிலும் வந்தது பச்சைக் கோடு, பட்டுச்சேலைக் கரைபோல. ஆனால் தாரணியின் கையும் அதே கோளாறுதான் என்றதை வையாபுரி ஒத்துக்கொள்ளவில்லை.

"லேப்டாப்பு வேறங், புள்ள வேறங். அது மெசினு."

"சரி, அப்ப புள்ளையவும் சொருகிப் பாத்துரலாம்," என்றேன்.

தாரணியைக் கூட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினேன். கோளாறு எங்கள் ஊர் மண்ணிலோ தண்ணீரிலோ பார்க்கிற கண்ணிலோ இருந்தால், அக்கரையில் அவள் முழுசாகத் தெரிய வேண்டும். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், தோளில் அழுத்தம் இருந்தது, கை இல்லை, கீழே காவிரி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாலம் முடிகிற இடத்தில் ஒரு இளநீர்க்காரி. எங்களை முன்பின் பார்த்திராதவள். காயைச் சீவி நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஏன் அம்மிணி, ஒரு கைய எங்க வெச்சுட்டு வந்தீங்க?"

தாரணி அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். "சிப்புதான்ம்மா," என்றாள். இடது கையால் இளநீரை வாங்கிக் குடித்தாள்.

அக்கரையில்தான் இம்மானுவேல் கடை. வாய் ஓயாத ஆள். தான் தொட்டால் செத்த போர்டு எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்பான். லேப்டாப்பைப் பிரித்தான், விசிறியைக் கழற்றினான், சிப்பின் மேல் காய்ந்து பொருக்காகிக் கிடந்த சூடு கடத்தும் பசையைத் துடைத்தான், லென்ஸை வைத்துச் சிப்பைப் பார்த்தான். பிறகு போர்டை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"இத மாத்துனதா எவன் சொன்னான்?"

உன்னைச் சொன்னேன்.

"அக்கா, கம்பெனியில போர்டோட சேத்து மூலைக்கு மூலை சிவப்புப் பசை வெப்பாங்க. சிப்ப எடுக்கோணும்னா அத உடைக்கோணும். இங்க பாருங்க, நாலு மூலையும் உடையாம இருக்குது. சுத்தி மட்டும் கருகியிருக்குது. சூடு அடிச்சிருக்கான். அடியில இருக்கிற ஈயக் குண்டு கொஞ்சம் உருகி ஒட்டிக்கும், படம் வரும், கைய விட்டுப் போற வரைக்கும் நிக்கும். வெவரமானவன்தான்."

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். வையாபுரி, ருக்மணி, மாரப்பன், தாரணி, அத்தனை படமும் துடைத்து வைத்த மாதிரி வந்தன. திரும்பிப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மகளுக்குக் கை இல்லை.

இம்மானுவேல் தலையைச் சொறிந்தான். "படம் டிஸ்க்குல இருக்குது. ஆளு சிப்புல இருக்காங்க."

அதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, தொழிலில் எதையெதையோ பார்த்தவன். இந்தச் சிப் இப்போது எங்கேயும் செய்வதில்லை, தன்னிடமும் இல்லை, யாராவது பழைய சரக்கை எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு என்றான். அதுவரைக்கும் நீ செய்ததையே தானும் செய்யலாம், சூடு வைக்கலாம். ஆனால் மறுபடி விடும், விடும்போது முன்னைவிட மோசமாக விடும், அதற்கப்புறம் எவன் சூடு வைத்தாலும் திரை மொத்தமும் இருட்டு என்றான். பொய் சொல்லாமல் சொன்னான், கவனி. அதே சூடுதான், அதே கருவிதான், ஆனால் அவன் அதற்குச் சூடு என்றே பேர் சொன்னான்.

"போட்டி வருதும்மா," என்றாள் தாரணி.

"வையி," என்றேன்.

அவன் சூடு வைத்த அந்த மத்தியானத்தில் இக்கரையில் நடந்ததை எனக்குப் பிற்பாடு சொன்னார்கள். கோட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு கொதித்தது, பரோட்டா மாஸ்டர் கல்லை விட்டு விலகியும் வேர்த்துக் கொட்டினார், ருக்மணி குளிர்பானப் பெட்டிக்குள் தலையை விட்டாள், வையாபுரி வெள்ளை வேட்டியோடு காவிரியில் குதித்தார். குதித்தவர் எழுந்தபோது அவர் கோடு கழன்று ஆற்றில் பச்சைப் பாம்புபோல நெளிந்து போய்விட்டது. இம்மானுவேல் கடையில் தாரணியின் கை தோளிலிருந்து விரல்வரைக்கும் வந்து சேர்ந்தது. விரல்களை மடக்கினாள், விரித்தாள், என் கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது. நன்றாக வலித்தது.

பாலம் தாண்டி வந்தால் என் கடை வாசலில் சங்கம் மொத்தமும் நிற்கிறது, ஈர வேட்டியோடு வையாபுரி முன்னால்.

"யாரைக் கேட்டுச் சரி பண்ணுனீங்க?"

"என்ற லேப்டாப்பச் சரி பண்ண யாரைக் கேக்கோணும்?"

"எங்க கோடு போச்சுங்க அக்கா! நாளைக்கு என்ற மச்சான் வீட்டுக் கல்யாணம். எந்த மூஞ்சிய வெச்சுட்டு முன்வரிசைல உக்காருவேன்?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சுட்டு உக்காருங்க!" என்று கத்தினேன். "கோடுதான் வேணும்னா பெயிண்டுக் கடை தொறந்துதான் இருக்குது, போய்ப் பூசிக்குங்க. என்ற புள்ளைக்குக் கை வேணும். உங்க நாற்காலியும் அவ கையும் ஒண்ணா? சொல்லுங்க, எவனாவது ஒருத்தன் வாயத் தொறந்து சொல்லுங்க!"

ஒவ்வொருத்தனாக நழுவினார்கள். பெயிண்டுக் கடையில் அன்று பச்சை தீர்ந்துபோனது.

மண்டலப் போட்டியில் தாரணி எறிந்தாள். முழுக் கையால், குண்டு எங்கே விரலை விட்டுக் கிளம்புகிறதென்று தெரிந்து எறிந்தாள். முதலிடம். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். அந்த மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் சுண்டுவிரலில், பஸ் ஊர் எல்லையைத் தொடும்போது, நூல்போல ஒரு பச்சை தெரிந்தது. அவள் அதை மடக்கி மறைத்துக்கொண்டாள். நானும் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தேன்.

ஊருக்குள் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டுக்கு மேலே அசல் கோடு திரும்பி வந்துவிட்டதாம்.

கொண்டாட்டம் மாரப்பன் வரைக்கும்தான் நீடித்தது. திரையின் வலது கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு இருட்டு விழுந்தது; அந்த மூலையில்தான் எல்லா ஃப்ளெக்ஸிலும் மாரப்பன் முகம், தன் இடம் அதுதான் என்று அடம்பிடித்து வாங்கியது. மறுநாள் கறிக்கடையில் கத்தி தானாக ஏறி இறங்கியது, தராசு தானாக ஆடியது, மாரப்பன் இல்லை. வாடிக்கைக்காரர்கள் முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு வெறும் காற்றைப் பார்த்து, "கொழுப்பில்லாமப் போடுங்" என்றார்கள். "எலும்பு கொஞ்சம் வரும், பரவால்லீங்களா?" என்று காற்று கேட்டது. கறி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாரப்பனின் பெண்டாட்டி தங்கமணி என் கடைக்கு வந்து, கத்தவில்லை, திட்டவில்லை, "அவரு சிரிக்கிறாரா மொறைக்கிறாரான்னு தெரிய மாட்டேங்குதுங்க்கா. சோறு போட்டு வெச்சா சோறு கொறையுது. அவ்வளவுதான் தெரியுது," என்றாள்.

அன்று சாயங்காலம் வையாபுரி வந்தார், தோளில் துண்டில்லாமல். பின்னால் இரண்டு பேர் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வந்தார்கள். லேப்டாப்பை ஒரு தடவை அணைத்தால் மறுபடி வெளிச்சம் வராது என்று இம்மானுவேல் சொல்லியிருந்தான், ஆகவே அணைப்பதில்லை. மின்சாரம் போனால் சங்கத்து இன்வெர்ட்டர், வெயில் ஏறினால் பால் சொசைட்டி ஐஸ், ருக்மணி வீட்டு டேபிள் ஃபேன் திரைக்குப் பின்னால் ஓயாமல் சுற்றுகிறது. கோவிலில் விளக்குப் பார்த்துக்கொள்கிற மாதிரி முறை வைத்து உட்காருகிறார்கள். கோட்டுக்காரன், கோடில்லாதவன் என்றெல்லாம் இப்போது இல்லை. பயம் வந்ததும் எல்லாருக்கும் ஒரே நாற்காலி. தாரணியின் வலது கையும் சுண்டுவிரலில் தொடங்கி மறுபடி தோள்வரைக்கும் போய்விட்டது.

உனக்குப் போன் செய்தேன். எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் டீக்கடைச் சத்தம், ஹாரன் சத்தம் எல்லாவற்றையும் சாக்காக வைத்துப் பார்த்தாய். பிறகு சொன்னாய், உன் சொந்த வாயால்: "அக்கா, நீங்க அடிச்ச பேரத்துக்கு அவ்வளவுதான் வரும்." சொல்லிவிட்டு என் நம்பரை அடைத்துவிட்டாய்.

கேட்டுக்கொள். நான் பேரம் பேசினேன். இனியும் பேசுவேன், சாகும்வரைக்கும் பேசுவேன், எமனே வந்தாலும் இன்னும் கொஞ்சம் இறக்கித் தாருங்கள் என்றுதான் கேட்பேன். நான் குறைக்கச் சொன்னது விலையை. வேலையை இல்லை. கட்டாது என்றால் கட்டாது என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து அடுத்த கடைக்குப் போயிருப்பேன், உன் டீக்கு நன்றி சொல்லிவிட்டு. தலையாட்டி, கை குலுக்கி, சிரித்துக்கொண்டே விலையை ஒத்துக்கொண்ட அந்த நிமிடத்திலேயே நீ என் மகளின் கையில் கை வைத்துவிட்டாய்.

சிரித்தாய் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? லேப்டாப்பை என் கையில் கொடுத்துவிட்டு, "வாங்கக்கா, ஒரு செல்ஃபி, கஸ்டமர் சந்தோசம்தான் நமக்கு முக்கியம்" என்று நீயே எடுத்து, நீயே வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் என்னிடம் இருக்கிறது. அதில் என்னை வெட்டி எடுத்துவிட்டு உன்னை மட்டும் வைத்துக்கொண்டேன். நல்ல வெளிச்சமான படம். முகம் சுத்தமாக வந்திருக்கிறது.

இன்றைக்குக் காலையில் ஒரு புது ஃப்ளெக்ஸ் திறந்தேன். மாநிலப் போட்டிக்குப் போகும் தாரணியை வாழ்த்தி, ஊர்ப் பொதுமக்கள் சார்பில். இவண் வரிசையில் ஒரு கட்டம் காலியாக விழுந்தது. இந்தத் தடவை அதில் என் மகளை வைக்கவில்லை.

தாரணி பின்னால் நின்று பார்த்தாள். "அவரையுமாம்மா?"

"அவனையும்தான்."

"பாவம்மா."

"வந்து சரி பண்ணுனா சரியாப் போயிரும்."

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். பிறகு தெரிகிற கையால் மவுஸை நகர்த்தி, கோணலாக இருந்த உன் முகத்தை வரிசைக்கு நேராக வைத்தாள். இவண் வரிசை கோணலாக இருக்கக் கூடாது, அவளுக்கும் அது தெரியும்.

ஆகவே, கண்ணாடியில் போய்ப் பார். கன்னத்தில் நூல்போல ஒன்று இருக்கும். சோப்புப் போடாதே, வீண். உன் கடைக்கு வருகிற ஆட்கள் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பழகிக்கொள்வார்கள், எங்கள் ஊரே பழகியதுதான். ஆனால் கருப்பு பரவிக்கொண்டிருக்கிறது, மூலையிலிருந்து நடுவுக்கு, உன் கட்டத்தின் பக்கமாகத்தான். நீயும் நானும் என் மகளும் இந்த ஊரும் ஒரே சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறோம், நீ சூடு வைத்த சிப்பின் மேல்.

விலை பேசி முடிந்தது. கொடுத்தும் ஆயிற்று. அதற்கு மேல் ஒரு பைசா பெயராது, கேட்காதே. வேலைதான் பாக்கி. டிராயரைத் திற, அந்தச் சிப்பை எடு, பொட்டலமாகக் கட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள், பாலத்துக்கு இக்கரையில் இறங்கி யாரிடம் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். இம்மானுவேல் கருவியோடு வருவான். வாசலில் குண்டோடு ஒரு பெண் நிற்பாள், கை தெரியாது, பயப்படாதே. மூலைப் பசை நான்கையும் என் கண் முன்னால் உடை. பழையதை எடு. புதியதை வை. இந்தத் தடவை வைத்துவிட்டு வைத்தேன் என்று சொல்.

வா.